பழைய பிக்கப்புக்கு புரொப்பல்லர் ஷாஃப்ட் தேடறீங்களா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதப் படிச்சுட்டுப் போங்க

புரொப்பல்லர் ஷாஃப்ட்டுங்கறது கியர் பாக்ஸ்ல இருந்து பின் சக்கரத்துக்கு இஞ்சினோட சுழற்சியக் கொண்டு போற நீளக் குழாய்ங்க. போன ஆனி மாசம் தாளவாடில முட்டைக்கோஸ் லோடு ஏத்தீட்டு வந்தனுங்க. திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவும் நல்லபடியா எறங்கியாச்சு, பண்ணாரி தாண்டி சத்தி ரோட்டுல சமதரைல வரும்போது அடில டமார்னு ஒரு சத்தம், ஆக்சிலேட்டர மிதிச்சா இஞ்சின் மட்டும் கத்துது, வண்டி நகரவே இல்ல. எறங்கிக் குனிஞ்சு பாத்தா பின்னாடி கிராஸ் (மூட்டுல இருக்கற கூட்டல்குறி மாதிரி இரும்பு) ஒடஞ்சு ஷாஃப்ட்டோட ஒரு மொனை ரோட்டுல கெடக்குது, இன்னொரு மொனை சென்டர் பேரிங் பக்கம் தொங்குது. வண்டி 2009 மாடல். அன்னைக்கு லோட வேற வண்டிக்கு மாத்தி மேட்டுப்பாளையம் அனுப்பறதுக்குள்ள பொழுது போயிருச்சு.

ஷாஃப்ட் ஒண்ணு வாங்கி மாட்டறது ரெண்டு நாள் வேலைன்னுதான் நெனச்சேன். 11 நாள் ஆச்சு. ரெண்டு தடவ தப்பான ஷாஃப்ட்ட வாங்கீட்டு வந்தேன். காரணம் ஒண்ணே ஒண்ணுதான், வண்டி பேரையும் மாடல் வருசத்தையும் சொல்லி வாங்கினேன், பழச கையோட கொண்டு போகல. நீங்க அந்தத் தப்பப் பண்ணக் கூடாதுன்னுதான் ஒண்ணு விடாம எழுதறேன்.

1. எது போச்சுன்னு மொதல்ல பாருங்க, முழு ஷாஃப்ட்டும் மாத்த வேண்டியது இல்லாம இருக்கலாம்

நெறைய பேரு சத்தம் வந்த ஒடனே "ஷாஃப்ட் போச்சு"ன்னு முடிவு பண்ணீருவாங்க. ஷாஃப்ட்டுங்கறது ஒரே பொருள் கெடையாதுங்க. குழாய் ஒண்ணு, ரெண்டு மொனைலயும் கவட்டை மாதிரி யோக், யோக்குக்குள்ள நாலு கால்லயும் கப்பு மாட்டின கிராஸ், நீள வண்டின்னா நடுவுல ரப்பரோட சென்டர் பேரிங், உள்ள வெளிய நகர்ற பல்லு வெட்டின ஸ்பிளைன் (இந்த நகர்ற எடத்தத்தான் ஸ்லிப்புங்கறது). இதுல எது போயிருக்குதோ அத மட்டும் மாத்துனாப் போதும்.

கியர் போட்டு கிளட்ச் விடும்போது அடில "டங்"குனு ஒரு தட்டு தட்டுச்சுன்னா கிராஸ்ல ஆட்டம் இருக்கும், இல்லைன்னா ஸ்பிளைன் தேஞ்சிருக்கும். மெதுவாப் போகும்போது குருவி கத்தற மாதிரி கீச்சு கீச்சுன்னு வந்தா கிராஸ்ல கிரீஸ் இல்லைன்னு அர்த்தம். குறிப்பிட்ட ஸ்பீடுக்கு மேல போனா மட்டும் சீட்டு, ஃபுளோர் எல்லாம் அதிருச்சுன்னா குழாய் வளஞ்சிருக்கும், பேலன்ஸ் போயிருக்கும், சென்டர் பேரிங் ரப்பர் கிழிஞ்சிருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

கிராஸ் கப்புப் பக்கம் செங்கல்பொடி மாதிரி செவப்பாத் தூள் ஒட்டீட்டு இருந்தா அந்தக் கப்பு உள்ள காஞ்சு போச்சுன்னு வெச்சுக்கோங்க. என்ற வண்டில மூணு மாசத்துக்கு முன்னாடியே அந்தத் தூள் இருந்துச்சு, மண்ணுன்னு நெனச்சுட்டேன். ஒடஞ்ச கிராஸக் கையில எடுத்து அந்தக் கால்மேல நகத்த வெச்சுத் தேச்சா வரி வரியாத் தட்டுது, ஊசி பேரிங் அத்தன ஆழமாத் தடம் போட்டிருக்குது. அந்த வரி ஒரு நாள்ல வந்தது இல்லைங்க.

கிராஸ் மட்டும் போயி குழாய் நல்லா இருந்தா கிராஸ் மட்டும் மாத்துங்க. சென்டர் பேரிங் தனியாக் கெடைக்கும். ஸ்பிளைன் தேஞ்சிருந்தா ஆண் பக்கம் பெண் பக்கம் ரெண்டையும் ஜோடியா மாத்தணும், ஒண்ண மட்டும் மாத்துனா சீக்கிரமே மறுக்கா ஆட்டம் வந்துரும். குழாய் வளஞ்சிருந்தா சூடு பண்ணி நிமித்தித் தர்றேன்னு சொல்றவங்க இருக்காங்க, வேண்டாம், குழாய மாத்தீருங்க.

2. வண்டிய இழுக்கறதுக்கும் கழட்டறதுக்கும் முன்னாடி

ரோட்டுல ஒடஞ்சு நின்னா தொங்கற ஷாஃப்ட்டக் கழட்டாம, இல்லைன்னா கம்பி போட்டு மேல தூக்கிக் கட்டாம வண்டிய இழுக்காதீங்க. மொனை ரோட்டுல குத்துச்சுன்னா டேங்க், பிரேக் லைன் எல்லாத்தையும் கிழிச்சுரும்.

இன்னொண்ணு உசுருக்கே ஆபத்தான விசயம். ஷாஃப்ட் ஒடஞ்சு இருக்கும்போதும் கழட்டின பின்னாடியும் கியர்ல போட்டு நிறுத்துனா வண்டி நிக்காது, இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்ல. அதனால சமதரைல நிறுத்தி சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்ட குடுத்த பின்னாடிதான் அடில போகணும். ஹேண்ட் பிரேக்க மட்டும் நம்பாதீங்க, பழைய வண்டில அது எத்தன புடிக்கும்னு உங்களுக்கே தெரியும்.

கழட்டும்போது பெயிண்டுலயோ பஞ்ச்லயோ மார்க் போடுங்க: கியர் பாக்ஸ் ஃபிளேஞ்சும் (போல்ட் போடற தகடு) ஷாஃப்ட் ஃபிளேஞ்சும் சேர்ற எடத்துல ஒரு கோடு, பின்னாடி ஹவுசிங் (பின் அச்சுப் பெட்டி) ஃபிளேஞ்சுல ஒரு கோடு, ஸ்லிப் ஆகற எடத்துல ரெண்டு பக்கமும் சேர்ற மாதிரி ஒரு கோடு. ஸ்லிப்ப ஒரு பல்லு தள்ளி மாட்டீட்டாக்கூட ஒரு மொனை யோக்கும் மறு மொனை யோக்கும் ஒரே நேரா நிக்காது, அதுலயே அதிர்வு வந்துரும். சில ஷாஃப்ட்டுல அம்புக்குறி குத்தியே இருக்கும், அழுக்கத் துடைச்சாத் தெரியும். ஸ்லிப் நேரா கியர் பாக்ஸுக்குள்ளயே போற மாதிரி இருக்கற வண்டின்னா உருவும்போது கியர் ஆயில் ஊத்தும், கீழ ஒரு டப்பா வெச்சுக்கோங்க.

3. அளவெடுக்கறது, இங்கதான் நான் கோட்ட விட்டேன்

ஒரே பேருல வர்ற வண்டிகளுக்குள்ளயே ஷாஃப்ட் மாறும். டாடா 207ல டிஐ, இஎக்ஸ், ஆர்எக்ஸ்னு இருக்குது, மகிந்திராவுல பிக்கப், மேக்சி டிரக், கேம்பர்னு இருக்குது, வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற தூரம்) மாறினா ஷாஃப்ட் நீளம் மாறும், கியர் பாக்ஸ் மாறினா ஃபிளேஞ்ச் மாறும். அதுபோக பழைய வண்டின்னா உங்களுக்கு முன்னாடி வெச்சிருந்தவரு கியர் பாக்ஸோ ஹவுசிங்கோ மாத்தி இருந்தாலும் இருக்கும். அதனால வண்டி பேரு ஒரு தொடக்கம் மட்டும்தாங்க.

எடுக்க வேண்டிய அளவுகள்:

நீளம். வண்டி நாலு சக்கரமும் தரைல நிக்கும்போது, லோடு இல்லாம, கியர் பாக்ஸ் ஃபிளேஞ்ச் முகத்துல இருந்து ஹவுசிங் ஃபிளேஞ்ச் முகம் வரைக்கும் டேப் புடிச்சு அளக்கணும். சேசிஸுக்கு ஜாக்கி குடுத்துத் தூக்கி பின்னாடி ஹவுசிங் தொங்கீட்டு இருக்கும்போது அளந்தா தப்பான அளவுதான் வரும். ரெண்டு பீஸ் ஷாஃப்ட்டுன்னா முன் பீஸ், பின் பீஸ் தனித்தனியா, சென்டர் பேரிங் மாட்டற பிராக்கெட் எங்க இருக்குதுங்கறதும் எழுதிக்கோங்க.

ஃபிளேஞ்ச். எத்தன ஓட்டை, எதிர் எதிர் ஓட்டைகளோட நடு நடு தூரம் எத்தன மில்லிமீட்டர், போல்ட் என்ன தடிமன், நடுவுல ஒக்கார்ற அந்த வட்டமான மேடு எத்தன. மொதல்ல நான் வாங்கீட்டு வந்த ஷாஃப்ட் நீளம் நூல் புடிச்ச மாதிரி சரியா இருந்துச்சு. ஃபிளேஞ்சுலயும் நாலு ஓட்டை. மாட்டப் போனா ரெண்டு போல்ட் போகுது, மத்த ரெண்டு போகல, அளந்து பாத்தா 3 மில்லிமீட்டர் வித்தியாசம். "ஓட்டைய ரவுண்ட் ஃபைல் போட்டு இழுத்துக்கலாங்க"ன்னு ஒரு பையன் சொன்னான். எங்க மெக்கானிக் மாமா வேண்டவே வேண்டாம்னுட்டாரு. ஓட்டைய இழுத்தா ஷாஃப்ட் நடுவுல ஒக்காராம ஒரு பக்கம் தள்ளித்தான் சுத்தும், அப்பறம் எத்தன பேலன்ஸ் பண்ணினாலும் அதிரும், போல்ட்டும் வெட்டிப் போகும்.

கிராஸ். கப்போட வெளி விட்டம், ஒரு கப்பு வெளி முகத்துல இருந்து எதிர்க் கப்பு வெளி முகம் வரைக்கும் நீளம், கப்பப் புடிச்சு நிறுத்தற லாக் உள்பக்கமா வெளிப்பக்கமா. வெர்னியர்ல எடுங்க, டேப்புல எடுக்காதீங்க. அரை மில்லிமீட்டர் மாறினாலும் மாட்ட முடியாது, மாட்டினாலும் டைட்டாகிச் சூடேறும்.

குழாய். வெளி விட்டமும் கனமும். கனம் கம்மியான குழாய் போட்டா விலை கம்மியா வரும், லோடு ஏத்தி மேடு ஏறும்போது முறுக்கு தாங்காது.

ஸ்பிளைன். எத்தன பல்லுன்னு எண்ணிக்கோங்க, ஒரு பல்லுல சாக்பீஸ் வெச்சுட்டு எண்ணுனா குழப்பம் வராது.

ரெண்டாவது தடவ வாங்கினது 4 சென்டிமீட்டர் நீளம் எச்சு. "ஸ்லிப் உள்ள போகும், அட்ஜஸ்ட் ஆயிரும்"னு கடைல சொன்னாங்க. வெறும் வண்டில அட்ஜஸ்ட் ஆகத்தான் ஆச்சு. ஆனா லோடு ஏத்துனா பட்டை ஸ்பிரிங் அமுங்கி ஹவுசிங் நகரும், அப்ப ஸ்லிப் உள்ள போறதுக்கு எடம் வேணும். எடம் இல்லைன்னா ஷாஃப்ட் கடப்பாரை மாதிரி கியர் பாக்ஸ் பின் பேரிங்கப் போய் குத்தும். திருப்பிக் குடுத்தேன், 500 ரூபா புடிச்சுக்கிட்டுத்தான் மிச்சத்தக் குடுத்தாங்க.

4. பேப்பர்

ஆர்சி காப்பி, அதுல இருக்கற சேசிஸ் நம்பர், சேசிஸ்ல குத்தி இருக்கற நம்பரோட போட்டோ. கம்பெனி பார்ட்ஸ் கடைல மொதல்ல கேக்கறது சேசிஸ் நம்பர்தான், அதப் போட்டாத்தான் சரியான பார்ட் நம்பர் வரும். பழைய ஷாஃப்ட்டுல குத்தின நம்பரோ ஸ்டிக்கரோ இருந்தா அதையும் போட்டோ எடுத்துக்கோங்க.

ஷாஃப்ட் மாத்தறதுக்கு ஆர்டிஓ ஆபீஸ் போக வேண்டியது இல்லைங்க, இஞ்சின், சேசிஸ் மாத்துனாத்தான் ஆர்சில ஏத்தணும். இன்சூரன்ஸ்ல கெடைக்குமான்னு நானும் கேட்டேன், தேஞ்சு ஒடஞ்சதுக்கு, மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்குக் கெடைக்காது. 8 வருசம் தாண்டின சரக்கு வண்டிக்கு வருசாவருசம் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டணும், தேதி பக்கத்துல இருந்தா ஷாஃப்ட் வேலைய முன்னாடியே முடிச்சிருங்க, எஃப்சிக்கு மொத நாள் லேத்துல போய் நின்னா வேலையாகாது.

பழைய ஷாஃப்ட் வாங்குனாலும் பில் இல்லாம வாங்காதீங்க. எந்த வண்டில இருந்து கழட்டுனதுன்னு கேளுங்க. திருட்டுப் பொருளா இருந்தா வாங்குனவங்களும்தான் ஸ்டேசன் ஏறணும்.

5. எங்க தேடறது

மூணு வழி இருக்குதுங்க.

புதுசு. கம்பெனி டீலர் பார்ட்ஸ் கவுண்டர்ல சேசிஸ் நம்பர் குடுத்துக் கேளுங்க. பழைய மாடலுக்கு ஸ்டாக் இருக்காது, ஆர்டர் போட்டுத் தருவாங்க, எத்தன நாள்னு எழுத்துல கேட்டுக்கோங்க, முன்பணம் குடுக்கறதுக்கு முன்னாடி "வரலைன்னா திருப்பித் தருவீங்களா"ன்னும் கேட்டுருங்க. கோயமுத்தூர்ல நஞ்சப்பா ரோட்டுல ஆட்டோ ஸ்பேர்ஸ் கடைக வரிசையா இருக்குது, அங்க கிராஸ், சென்டர் பேரிங் எல்லாம் பிராண்டு பிராண்டாக் கெடைக்கும், முழு ஷாஃப்ட் அபூர்வம். பொட்டில எம்ஆர்பியும் பார்ட் நம்பரும் இருக்கான்னு பாருங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து வண்டி பார்ட்ஸுக்கெல்லாம் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், பழைய 28 கணக்குல பில் போட்டா கேளுங்க.

ரெண்டாவது, வண்டி ஒடைக்கற கடை. கண்டம் ஆன வண்டில இருந்து கழட்டி வெச்சிருப்பாங்க. சென்னை புதுப்பேட்டைல எல்லாம் கெடைக்கும்னு சொல்லுவாங்க, கெடைக்கும்தான், ஆனா இங்கிருந்து போயி, அளவு மாறி இருந்தா திரும்பிப் போயின்னு அலைய முடியுமா? பக்கத்துல தொலாவுங்க. போன்ல போட்டோ பாத்து பணம் அனுப்பி பார்சல்ல வர வைக்கறத மட்டும் பண்ணாதீங்க, போட்டோவுல 3 மில்லிமீட்டர் தெரியாது.

மூணாவது, நான் கடைசீல போனது: உங்க பழைய ஷாஃப்ட்டையே கொண்டு போயி குழாய் மாத்தறது. உங்க யோக், உங்க ஃபிளேஞ்ச், உங்க ஸ்பிளைன் நல்லா இருந்தா புதுக் குழாய் வெட்டி அதுல வெல்டிங் பண்ணித் தருவாங்க. ஃபிளேஞ்ச் மாறுமோங்கற பயமே இல்ல. நம்ம பக்கம் இதுக்கு ஆளு இருக்காங்க, லாரியும் போர்வெல் ரிக் வண்டியும் எச்சா இருக்கற நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் புரொப்பல்லர் ஷாஃப்ட் வேலையவே தொழிலாப் பண்றவங்க உண்டு, கோயமுத்தூர்லயும் உண்டு. சாதா வெல்டிங் பட்டறைல குடுத்துராதீங்க. குழாய லேத்துல புடிச்சு, நாலு எடத்துல பொட்டு வெல்டிங் வெச்சு, டயல் கேஜ் (ஆட்டத்த அளக்கற மீட்டர்) வெச்சு சுத்திப் பாத்து, ஆட்டம் இல்லைன்னு தெரிஞ்ச பின்னாடிதான் முழுசா வெல்டிங் சுத்தணும். நான் சங்ககிரி பக்கம் போனப்ப அந்தப் பட்டறைக்காரரு என்ற ஷாஃப்ட்ட எறக்கின ஒடனே கேட்ட மொதக் கேள்வி, "ஏனுங் தம்பி, வண்டி தரைல நிக்கும்போது அளந்தீங்களா, தூக்கி வெச்சு அளந்தீங்களா?" அப்பவே எனக்கு நம்பிக்கை வந்துருச்சுங்க.

எந்த வழில போனாலும் பழைய ஷாஃப்ட்ட ஒரு சாக்குல சுத்தி வண்டில போட்டுக் கையோட கொண்டு போங்க. கனமா இருக்குதுன்னு அளவு மட்டும் எழுதீட்டுப் போகாதீங்க. ரெண்டையும் தரைல ஒட்டுக்கா வெச்சு, ஃபிளேஞ்ச் மேல ஃபிளேஞ்ச் வெச்சு, நாலு போல்ட்டையும் கையால விட்டுப் பாத்து வாங்குங்க.

6. பழசு வாங்கும்போது கடைலயே பாக்க வேண்டியது

புதுசா கறுப்பு பெயிண்ட் அடிச்சு பளபளன்னு இருந்தா கொஞ்சம் நிதானிங்க, வெல்டிங் பக்கத்துல சொரண்டிப் பாருங்க, விரிசலும் ஒட்டும் பெயிண்டுக்கு அடில இருக்கும். குழாய்ல நசுங்கல் இருக்கக் கூடாது, சின்னதா இருந்தாலும் வேண்டாம். குழாய் மேல சின்னத் தகடு ஒட்டி இருக்கும், அது பேலன்ஸ் வெயிட். தகடு இல்லாம வெல்டிங் வெச்ச தடம் மட்டும் இருந்தா வெயிட் விழுந்துருச்சுன்னு அர்த்தம், வாங்கலாம் ஆனா பேலன்சிங் காசயும் கணக்குல சேத்துக்கோங்க. ஸ்பிளைன ரெண்டு கையால எதிர் எதிராத் திருகிப் பாருங்க, டக்கு டக்குன்னு ஆடுச்சுன்னா வெச்சுட்டு வந்துருங்க. கிராஸ பத்திக் கவலைப்படாதீங்க, எப்படி இருந்தாலும் புதுசு போடறதுதான் நல்லது.

7. பேலன்சிங்க விட்டுறாதீங்க

"பிக்கப்புக்கு எதுக்குங்க பேலன்சிங், லாரிக்கே பண்றது இல்ல"ன்னு சொல்றவங்க சொல்லுவாங்க. ஷாஃப்ட் சக்கரத்த விட வெசயா சுத்துது, ஏன்னா வேகம் கொறையறதே அதுக்குப் பின்னாடி ஹவுசிங்குல இருக்கற கிரௌன் பினியன் பல்சக்கரத்துலதான். அந்த வேகத்துல கொஞ்சம் எடை மாறி இருந்தாலும் அடி முழுக்க கியர் பாக்ஸ் சீல், சென்டர் பேரிங், பினியன் பேரிங் மேலதான் விழும். மெஷின்ல மாட்டி சுத்துனா எந்த மொனைல, எந்தப் பக்கம், எத்தன கிராம்னு காட்டும், அங்க தகடு வெச்சு வெல்டிங் பண்ணி மறுக்கா சுத்திப் பாப்பாங்க.

கிராஸ் புதுசு போட்ட பின்னாடிதான் பேலன்சிங் பண்ணணும், முன்னாடி பண்ணா வீண். ரெண்டு பீஸா இருந்தா ரெண்டையும் சென்டர் பேரிங்கோட ஒட்டுக்கா மாட்டிப் பண்ணச் சொல்லுங்க. பக்கத்துலயே நின்னு பாருங்க, நாலு கேள்வி கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

8. செலவும் நாளும்

எனக்கு ஆனத அப்படியே தர்றேன், ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறும். குழாய், லேத், வெல்டிங் எல்லாம் சேத்து 3,200. கிராஸ் ரெண்டு 1,500. சென்டர் பேரிங் 1,400, அது இன்னும் கொஞ்ச நாள் வரும்னு சொன்னாங்க, கழட்டினதே கழட்டியாச்சுன்னு மாத்தீட்டேன். பேலன்சிங் 900. போல்ட் நட்டு 240. மாட்டற கூலி 800. மொத்தம் 8,040 ரூபா.

தப்பா வாங்கினதுல போனது தனி: மொத ஷாஃப்ட் 4,500க்கு வாங்கி 2,500க்குத் திருப்பிக் குடுத்தேன், ரெண்டாவதுல 500, அலைச்சலுக்கு 1,700, ஆக 4,200 ரூபா. அதுபோக 11 நாள் வண்டி ஓடல, டியூ மட்டும் நிக்கல.

சரியாப் பண்ணுனா மூணு நாள் போதும். மொத நாள் கழட்டி அளவெடுக்கறது, ரெண்டாவது நாள் காலைல பட்டறைல குடுத்து சாயங்காலமோ மறுநா காலைலயோ வாங்கறது, மூணாவது நாள் மாட்டறது. ஞாயித்துக்கெழமை லேத் இருக்காது. கெளம்பறதுக்கு முன்னாடி போன் போட்டு அங்க பராமரிப்பு மின்தடை இருக்குதான்னு கேளுங்க, காலைல 9 மணிக்கு கரண்டப் புடுங்கினா சாயங்காலம்தான் வரும், நான் ஒரு நாள் முழுக்க பட்டறை வாசல்ல வேப்பமரத்தடில ஒக்காந்திருந்தேன். ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் ஒட்டி வந்தா பட்டறை மூடி இருக்கற நாளையும் கணக்குப் பண்ணிக்கோங்க.

9. மாட்டும்போது

பழைய போல்ட்ட மறுக்கா போடாதீங்க. தலைல 8.8, 10.9ன்னு நம்பர் இருக்கும், பழசுல என்ன இருந்துச்சோ அதே நம்பர் போல்ட், லாக் நட்டு புதுசா வாங்குங்க. நம்பர் இல்லாத சாதா போல்ட் வெட்டிப் போயிரும். ஃபிளேஞ்ச் முகத்துல பெயிண்ட், துரு, மண்ணு இல்லாம சொரண்டிச் சுத்தம் பண்ணுங்க, மண்ணு சிக்குனாலும் ஷாஃப்ட் சாஞ்சுதான் ஒக்காரும். போட்ட மார்க்கெல்லாம் சேருதான்னு பாருங்க. குழாய் மாத்தினதுல மார்க் போயிருந்தா ஒரே குழாயோட ரெண்டு மொனை யோக்கும் ஒரே நேருக்கு நிக்குதான்னு ஒரு பக்கமா நின்னு கண்ண வெச்சுப் பாருங்க.

கிராஸுக்கு கிரீஸ் அடிக்கும்போது நாலு கப்புலயும் கிரீஸ் பிதுங்கி வெளிய வரணும். மூணுல வந்து ஒண்ணுல வரலைன்னா அந்தக் கப்புக்கு கிரீஸ் போகலைன்னு அர்த்தம், ஷாஃப்ட்ட ஆட்டி ஆட்டி மறுக்கா அடிங்க. என்ற பழைய கிராஸ் ஒடஞ்சதும் அந்த ஒரு கப்புலதான்.

10. மாட்டின பின்னாடி

மொதல்ல வெறும் வண்டியா ஓட்டுங்க. 30, 40, 50, 60ன்னு கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பாருங்க. அதிர்வு வந்தா "ஓட ஓட சரியாப் போயிரும்"னு விடாதீங்க, சரியாகாது, அன்னைக்கே பட்டறைக்குத் திருப்புங்க. வெறும் வண்டில நல்லா இருந்தா பாதி லோடு ஏத்தி ஒரு மேடு ஏத்திப் பாருங்க.

நூறு கிலோமீட்டர் ஓட்டின பின்னாடி அடில போயி நாலும் நாலும் எட்டு போல்ட்டையும், சென்டர் பேரிங் பிராக்கெட் போல்ட்டையும் ஒரு தடவ டைட் பாருங்க. எனக்கு ஒரு நட்டு கால் சுத்து வந்துச்சு. கிரீஸ் அடிச்ச கிலோமீட்டர டிரைவர் பக்கக் கதவு உள்பக்கம் மார்க்கர்ல எழுதி வெச்சிருக்கேன். மழைல, சேத்துல, வாய்க்கால் தண்ணில எறங்கி வந்தா கணக்குப் பாக்காம அந்த வாரமே அடிச்சிருவேன்.

ஷாஃப்ட்ட மாத்திப் புதுசு போட்டவங்க பழச ஒடனே பழைய இரும்புக்குப் போட்டுறாதீங்க, ஒரு மாசம் லோடோட ஓட்டி அதிர்வு இல்லைன்னு தெரியற வரைக்கும் வீட்டுல ஒரு ஓரமாக் கெடக்கட்டும். மறுக்கா ஏதாச்சும் அளவு பாக்கணும்னா அதத்தான் எடுத்து அளக்கணும்.